சும்மா பாக்க வந்தவங்க

மேலூர்ப் பக்கம் எங்க ஆத்தா ஆடு மேய்த்த கரடு ஒன்று இருந்தது. 'இருந்தது' என்றுதான் எழுத வேண்டும். இன்றைக்கு அந்த இடத்தில் பனைமர ஆழத்துக்கு ஒரு பள்ளமும் அதில் பாசி பிடித்த தண்ணியும் கிடக்கிறது. ஆடு சொந்த ஆடல்ல. ஊர்க்காரர் ஒருவரின் ஆட்டை வாரத்துக்கு வாங்கி மேய்த்தாள். குட்டி போட்டால் அவருக்கொன்று, இவளுக்கொன்று. சாயங்காலம் வரும்போது தலையில் ஒரு கட்டுச் சுள்ளி, மடியில் கொஞ்சம் கீரை. கரடு யாருக்குச் சொந்தம் என்று அவள் கேட்டதில்லை. "பெறம்போக்கு" என்பார்கள். பெறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாதது என்று ஊர் சொல்லும். சேரிக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். நான் அப்போது ஆறாப்பு. லீவு நாளென்று ஆத்தாவோடு போயிருந்தேன். சுத்தியலால் பாறையைத் தட்டினார்கள், உடைந்த சில்லைத் தண்ணி ஊற்றி நிறம் பார்த்தார்கள், சிவப்புப் பெயிண்டில் நம்பர் போட்டார்கள். ஆத்தா கேட்டாள்: "என்ன சாமி பாக்குறீக?"

"சும்மா பாக்கத்தான் வந்திருக்கோம். நீ ஒன் ஆட்டப் பாரு."

அவர்கள் பொய் சொல்லவில்லை. அன்றைக்குச் சும்மா பார்க்கத்தான் வந்தார்கள். அடுத்த வருஷம் ஒரு மூலையை வெட்டி மாதிரிக்கல் எடுத்துப் போனார்கள். அதற்கடுத்த வருஷம் கம்பிவேலி. ஆட்டை விற்றுவிட்டு எங்க அய்யா அதே குவாரியில் தமர் அடிக்கப் போனார். பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தத் தூசியைத் தின்று, இருமி இருமியே செத்துப்போனார். எந்தக் கணக்கிலும் அந்தச் சாவு குவாரிச் சாவாக ஏறவில்லை.

இதை ஒப்பாரியாக எழுதவில்லை. எங்க ஆத்தாவிடம் அன்றைக்குச் சொன்ன அந்த வார்த்தை இன்றைக்குச் சட்டமாகியிருக்கிறது. அதைப் பற்றி எழுதுகிறேன்.

*

அரிட்டாபட்டியை இப்போது உலகத்துக்கே தெரியும். ஏழு குன்றுகள், கண்மாய்கள், சுனைகள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு உட்பட சுமார் 250 வகைப் பறவைகள். அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு. சமணப் படுக்கைகள், தமிழ் பிராமிக் கல்வெட்டு, குடைவரைக் கோயில். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர்களிலும் சேர்த்து 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் அது.

ஆனால் அதற்கு முந்தின வருஷமே, 2021இல், அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் இருப்பது பற்றிய இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் அறிக்கை மாநில அரசின் கைக்கு வந்துவிட்டது. ஒரு மேசையில் கனிம அறிக்கை, பக்கத்து மேசையில் பல்லுயிர் அறிவிக்கை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. ஊரும் பார்க்கவில்லை. 2024 நவம்பர் 7 அன்று 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்' என்ற பெயரில் 2,015 ஹெக்டேரை ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் எடுத்தது என்று ஒன்றிய அரசு அறிவித்தபோதுதான், தங்கள் வீடு ஏலத்தில் போயிருக்கிறது என்று சனத்துக்குத் தெரிந்தது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். கிராமசபைத் தீர்மானங்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத் தீர்மானம். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை நடந்த பேரணி. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. எங்க தெருவிலிருந்தும் போனோம். என் தங்கச்சி கைப்பிள்ளையோடு நடந்தாள். ஜெயித்தோம். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேசப் போவதில்லை.

ஆனால் ரத்தானது ஒரு ஏலம்தான். அந்த ஏலத்தைச் சாத்தியமாக்கிய விதிகள் அப்படியே இருக்கின்றன. இன்னும் மோசமாகியிருக்கின்றன. எப்படி என்று கேளுங்கள்.

*

கனிமம் வெட்ட வேண்டுமென்றால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். சனத்தைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். இது 2006ஆம் ஆண்டு அறிவிக்கை. கனிமத்தைத் தேடுவதற்கு இது எதுவும் வேண்டாம். ஏன் என்றால், அது 'சும்மா பார்ப்பது'.

மலை காட்டு நிலமாக இருந்தால்? 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தை 2023இல் திருத்தினார்கள். பேரைக்கூட விடவில்லை, 'வன சன்ரக்ஷன் ஏவம் சம்வர்தன்' என்று நம் வாயில் நுழையாதபடி மாற்றினார்கள். அந்தத் திருத்தத்தில் ஒரு பிரிவு: நில ஆய்வு, கனிமத் தேடல் போன்றவற்றை 'காடல்லாத பயன்பாடு' என்று கருத வேண்டியதில்லை என்று ஒன்றிய அரசு நிபந்தனை போட்டு உத்தரவிடலாம். ஆக, காட்டுக்குள் துளைபோடுவதும் காட்டின் காரியங்களில் ஒன்றாகிவிடலாம். எங்க ஆத்தா அங்கே ஒரு கட்டுச் சுள்ளி பொறுக்கினால் மட்டும் அது குற்றம்.

அதே 2023இல் கனிமச் சட்டத்தையும் திருத்தினார்கள். டங்ஸ்டன், லித்தியம் உட்பட 24 கனிமங்களை 'முக்கியமானவை' என்று பட்டியல் போட்டு, அவற்றை ஏலம்விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசு எடுத்துக்கொண்டது. கூட்டு உரிமம் என்று ஒன்று உண்டு. அதை ஏலத்தில் எடுத்தவர் முதலில் தேடலாம். கிடைத்தால் அவரே வெட்டலாம். பொண்ணு பாக்க வந்தவன் தாலியைப் பையில் வைத்துக்கொண்டு வருகிற மாதிரி. இதில் 'தேடல் மட்டும்தானே' என்பது யாரை ஏமாற்ற?

சரி, வெட்டுகிற கட்டத்திலாவது கேட்பார்கள் என்று இருந்தோம். 2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டது. அணுக் கனிமங்களுக்கும் இந்த 'முக்கிய' கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்ட இனி பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. நாட்டின் பாதுகாப்பாம், அவசரமாம்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். தேடும்போது கேட்க வேண்டாம், ஏனென்றால் அது சின்ன விஷயம். வெட்டும்போது கேட்க வேண்டாம், ஏனென்றால் அது பெரிய விஷயம். நடுவில் நம்மைக் கேட்கிற இடம் எங்கேய்யா இருக்கிறது?

*

தேடல் எல்லாமே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் நடந்துபோய்ப் பாறையைத் தட்டிப் பார்ப்பதாலும், கைப்பிடி மண்ணெடுத்துப் பரிசோதிப்பதாலும் மலை இடிந்துவிடாது. ஷீலைட் என்கிற டங்ஸ்டன் தாதுவின் மேல் இருட்டில் புற ஊதா விளக்கை அடித்தால் நீலமாக மின்னும்; அதைப் பார்த்துக்கொண்டு போவதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் தேடல் அதோடு நிற்பதில்லை. அடுத்தது துளை. துளைபோடும் எந்திரம் பறந்து வராது. பாதை வெட்ட வேண்டும், மேடை சமன்செய்ய வேண்டும். வைரமுனை சூடேறாமலிருக்க ஓயாமல் தண்ணி வேண்டும். அந்தத் தண்ணி சுனையிலிருந்தோ கண்மாயிலிருந்தோதான் வரும். சேறும் எண்ணெயும் கலந்து அது திரும்பிப் போவதும் அங்கேதான். பெரியாறு வாய்க்காலின் கடைமடையில், ஒருபோகத்துக்கே வானம் பார்க்கிற மேலூர்ச் சீமையில், தண்ணி என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை.

ஆகவே கோடு கிழிக்க வேண்டிய இடம் தெளிவு. கண்ணால் பார்ப்பது வேறு, இரும்பை இறக்குவது வேறு. சட்டம் இரண்டையும் 'தேடல்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறது.

*

இதுவரை நான் சொன்னதை ஒரு நல்ல சுற்றுச்சூழல்காரரும் சொல்லுவார். இனி சொல்வதை அவர் சொல்ல மாட்டார்.

1957ஆம் ஆண்டு கனிமச் சட்டத்தில் 24ஏ என்று ஒரு பிரிவு. உரிமம் பெற்றவர் அந்த நிலத்துக்குள் எப்போதும் நுழையலாம் என்கிறது. ஒரு விலக்கு: கட்டடத்துக்குள்ளோ, வீட்டை ஒட்டி அடைப்புப் போட்ட முற்றத்துக்குள்ளோ தோட்டத்துக்குள்ளோ குடியிருப்பவரின் சம்மதமில்லாமல் நுழைவதானால் ஏழு நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நட்டம் வந்தால் நிலத்தை அனுபவிப்பவருக்கு ஈடு தர வேண்டும்.

மதில் வைத்தவனுக்கு ஏழு நாள். மதிலே இல்லாதவனுக்கு? முற்றமே இல்லாமல் வாசலும் தெருவும் ஒன்றாய்க் கிடக்கிற காலனிக்கு? கரட்டில் ஆடு மேய்த்தவள் எந்த நிலத்தை 'அனுபவித்தாள்' என்று எந்தத் தாசில்தார் எழுதுவார்? அடங்கலில் பேரில்லை, பட்டாவில் பேரில்லை. அவளுக்கு நோட்டீசும் இல்லை, ஈடும் இல்லை. ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அங்கே ஆளே இல்லை.

இந்தக் கண்ணுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் சேரிகளுக்குள் நடந்துபோய், நிலமில்லாததுதான் பறையர்களின் அடிமைத்தனத்துக்கு வேர் என்று அறிக்கை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. தரிசு நிலங்கள் பஞ்சமி நிலங்களாயின. மாகாணம் முழுக்க சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதன் பெரும்பகுதி இன்று நம் கையில் இல்லை. கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டார்கள், கொடுக்காத பெறம்போக்கில் ஒதுங்கினோம், இப்போது அந்தப் பெறம்போக்கின் அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்க வருகிறார்கள்.

*

பாதுகாப்பு என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும்.

போராட்டம் வலுத்தபோது, 2024 டிசம்பர் கடைசியில் ஒன்றிய அரசு ஒரு சமரசம் சொன்னது. மொத்தப் பரப்பில் பல்லுயிர்த் தலம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான்; அதை மட்டும் கழித்துவிட்டு எல்லையைத் திருப்பி வரையலாம். 193 ஹெக்டேருக்கு வேலி, மீதி 1,800க்கு மேல் வேட்டை. வல்லூறுக்கு இடமுண்டு, கல்வெட்டுக்கு இடமுண்டு. குடிசைக்கு இடமில்லை. சனம் அதை ஒத்துக்கொள்ளாததால்தான் முழுசாக ரத்தானது. ஒத்துக்கொண்டிருந்தால், 'பாதுகாக்கப்பட்ட இடம்' என்ற அந்தக் கோடே மற்ற இடத்தையெல்லாம் பாதுகாப்பில்லாத இடமாக்குகிற ஆவணமாகியிருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு மலையைப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தால், அதனால் பிழைப்பு பாதிக்கப்படுகிறவர்களுக்கு ஈடோ மறுவாழ்வோ தரும் திட்டம் வகுக்க 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டமே 37ஆம் பிரிவில் இடம் வைத்திருக்கிறது. அப்படிப் பாதிக்கப்படுகிறவர் யார்? சுள்ளி பொறுக்குகிறவள், வாரத்துக்கு ஆடு மேய்க்கிறவள், ஈச்ச ஓலை அறுத்து விளக்குமாறு கட்டி விற்கிறவள். 'மலையைக் காப்போம்' என்று முழங்குகிற மேடைகளில் இந்தப் பிரிவை யாராவது வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. அழுங்கின் பேர் தெரிந்த அளவுக்கு அவள் பேர் தெரியவில்லை.

*

இனி ஊருக்குள் வருவோம். கசப்பாக இருக்கும், சொல்லாமல் முடியாது.

2025 ஜனவரியில் தில்லியில் ஒன்றிய அமைச்சரைப் பார்த்துப் பேசியது அம்பலகாரர்கள் குழு என்று அரசின் செய்திக்குறிப்பே சொன்னது. போனார்கள், பேசினார்கள், காரியம் நடந்தது. அதற்கு நன்றி உண்டு. ஆனால் குடியரசு நாட்டில் ஒரு அரசு ஓர் ஊரின் குரலைக் கேட்க நினைத்தால் யாரைக் கூப்பிட வேண்டும்? தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்தை. அந்த ஜனவரியில் கூப்பிடப் பஞ்சாயத்தே இல்லை. 2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் கைக்குப் போய்விட்டது. பேரணி நடந்தது ஜனவரி 7. பஞ்சாயத்து காலியானதும் யார் பேசினார்கள்? அம்பலம் பேசியது. அரசும் கேட்டுக்கொண்டது. அம்பலத்தில் சேரிக்கு நாற்காலி உண்டா என்று அமைச்சரும் கேட்கவில்லை, எதிர்க்கட்சியும் கேட்கவில்லை, நம் முற்போக்குத் தோழர்களும் கேட்கவில்லை.

அதே மேலூர் வட்டத்தில்தான் மேலவளவு இருக்கிறது. 1996இல் அந்த ஊராட்சியின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவரான முருகேசனும் அவரோடு வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து திரும்பிய பேருந்தில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒரு நாற்காலிக்காக மட்டுமா அந்த வெறி? கண்மாய் மீன் ஏலம், மரம் ஏலம், பொதுச்சொத்தின் சாவி எல்லாம் அந்த நாற்காலியோடு சேர்ந்து வருகிறது. பொதுநிலம் யார் பொறுப்பில் இருக்கும் என்ற கேள்விக்கு ரத்தத்தில் பதில் எழுதிய மண் இது. இந்த மண்ணில் நின்றுகொண்டு 'ஊர் கூடி மலையைக் காத்தோம்' என்று பேசும்போது, ஊர் என்றால் யார் என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"ஒற்றுமையைக் கெடுக்காதீங்க தம்பி" என்றார் எங்கள் பக்கத்து இயக்கப் பெரியவர் ஒருவர். நல்ல மனுசர். அவரிடம் ஒன்றுதான் சொன்னேன். பேரணிக்கு வரும்போது நாங்கள் ஊர். ஏலம் ரத்தான பிறகு, எங்க தெருப் பையன்கள் கண்மாய் மீன் ஏலத்தில் ஒரு பங்கு கேட்டபோது, "அதெல்லாம் ஊர் வழக்கம்ப்பா" என்று பதில் வந்தது. அப்போது நாங்கள் சேரி. எங்கள் கால் நடந்ததால் தப்பித்த கண்மாய் அது. ஒற்றுமையைக் கெடுத்தது யார்?

*

'நாட்டுக்குத் தேவை' என்பார்கள். தேவைதான். இரும்பைக் கடினமாக்க, துளைக்கும் முனை செய்ய, குண்டு செய்ய டங்ஸ்டன் வேண்டும். உலக உற்பத்தியில் பெரும்பகுதி சீனாவிடம். 2025 பிப்ரவரியில் அவர்கள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். எல்லாம் சரி. தேவை என்றால் வந்து கேட்க வேண்டும். கேட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒடிசாவின் நியாம்கிரியில் பாக்சைட் வெட்டலாமா என்று கிராமசபைகளைக் கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2013இல். 12 கிராமசபைகளைக் கேட்டார்கள். 12ம் 'முடியாது' என்றன. அந்தச் சுரங்கத்துக்குப் பின்னால் இருந்தது வேதாந்தா. ஹிந்துஸ்தான் ஜிங்கும் அதே குழுமம். அதிலிருந்து அதிகாரம் கற்றுக்கொண்ட பாடம் 'நன்றாகக் கேள்' என்பதல்ல, 'கேட்காதே' என்பது.

ஆகவே நாம் கேட்க வேண்டியதை இப்போதே, அடுத்த ஏலம் வருவதற்கு முன்னாலேயே கேட்போம். துளைபோடும் முனை தரையைத் தொடுவதற்கு முன்னால் கிராமசபையின் சம்மதம் வேண்டும். அந்த அறிவிப்பு தமிழில், காலனிச் சாவடியிலும் ஒட்டப்பட வேண்டும். ஆய்வு அறிக்கை ஏல மேசைக்குப் போகும் முன் ஊராட்சி அலுவலகத்துக்கு வர வேண்டும். பெறம்போக்கில் பிழைக்கிறவர்களின் பேர், பிழைப்பு, எத்தனை காலம் என்பதெல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். ஈடு என்று வரும்போது பட்டா மட்டும் பேசக்கூடாது. பாரம்பரியத் தலத்தை நிர்வகிக்க எந்தக் குழு அமைந்தாலும் அதில் சேரிப் பெண்கள் இருக்க வேண்டும், கடைசி வரிசையில் நிற்க அல்ல, கையெழுத்துப் போட. 2025 செப்டம்பர் குறிப்பாணை திரும்பப் பெறப்பட வேண்டும்.

இதில் ஒன்றுகூட மலைக்கு எதிரானதில்லை. மலையை நம்பி வாழ்கிறவளுக்கு அதிகாரம் இருந்தால்தான் மலைக்கும் காவல் இருக்கும். நோட்டீஸ் வரும்வரை தூங்குகிற ஊருக்கு, ஜீப் வரும்போதே கேள்வி கேட்டவள் அவள்தான்.

ஏலம் ரத்தான அன்று ராத்திரி டிவியில் வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. என்ன சத்தம் என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்:

"நல்லதுதேன். அந்த மலையப் பாக்க மொதல்ல வந்தாகள்ல, அப்ப அங்கன ஆடு மேச்சவள யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாகளா?"